உன் படகு மோட்டாரைப் பிரித்துப் பார்த்தேன்

தினேஷ்,

மொட்டை மாடியில் உன் மோட்டாரைப் பிரித்துப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். ஆனாலும் இந்தத் தாளின் ஓரத்தில் எங்காவது கறுப்பாக விரல் பட்டிருந்தால் அது கிரீஸ்தான். போனில் சொல்லலாம் என்றால் நீ விடுவதில்லை. "சாப்டியா மா, மாத்திரை போட்டியா மா" என்று கேட்கிறாய். மோட்டார் என்ற வார்த்தை என் வாயில் வந்ததுமே, "ஷிஃப்டுக்கு டைம் ஆச்சு மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்று எனக்குத் தெரியாதா? இந்தியில் எழுதினால் ஒரே மூச்சில் ஓட்டிவிட்டு மடித்து வைத்துவிடுவாய். நான் சொல்லப்போவது அப்படி ஓட்டிவிடக்கூடிய விஷயம் இல்லை. மெதுவாகவே படி.

வேலை தூரம் என்று சொல்லி நீ தளேகாவில் ரூம் எடுத்தாய். நம் போபோடியிலிருந்து அங்கே போக லோக்கலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அதே லைனில்தான் நான் தேஹு ரோடு டிப்போவுக்கு ரிடயராகும்வரை போய் வந்தேன். ஆகவே தூரம் காரணம் இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வெள்ளம் வடிந்து, சந்தில் சேறு காய்வதற்குள் நீ பையைக் கட்டிவிட்டாய். பால் கடை வாசலில் நின்றவன் ஒருத்தன், நீ கேட்கவேண்டும் என்றே, ஓட்டை மோட்டாரை வைத்துக்கொண்டு ஒரு மனுஷனைக் கொன்றுவிட்டான் என்று மராத்தியில் சொன்னான். நானும் பக்கத்தில்தான் நின்றேன். நீ பால் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு நடந்தாய். போலீஸ்காரர்கள் வந்து பார்த்து, வெள்ளத்தில் நடந்த விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள். உனக்குள் மட்டும் அது முடியவில்லை. முடியாது என்று எனக்கு அன்றைக்கே தெரியும், ஏனென்றால் உன்னை நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன்.

நீ டிப்ளமா படிக்கிறபோது இந்த மோட்டார் நம் சந்துக்கு வந்தது. கணபதி விசர்ஜனத்தன்று சிலைகளை நடு ஆற்றுக்குக் கொண்டுபோக, விழா நடத்துகிற மண்டல்காரர்களிடம் ஒரு துடுப்புப் படகு இருந்தது. அதற்கு மாட்டலாம் என்று பழைய இரும்புக் கடையிலிருந்து பையன்கள் இதைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். என் கல்யாணத்துக்கும் முந்தின காலத்து மோட்டார். மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு சிலிண்டர், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்கிற வகை. டிப்போவில் எஞ்சின் செக்‌ஷனில் என் பாதி ஆயுசு போயிருந்ததால் நீ நேராக என்னிடம்தான் வந்தாய். ஞாயிற்றுக்கிழமைகளில் மாடியில் பழைய சாக்கை விரித்து இரண்டு பேரும் உட்கார்ந்து அதைச் சுரண்டினோம், கழுவினோம், பிஸ்டன் ரிங் மாற்றினோம். கீழ்ச் சந்தில் இருந்த டெய்லர் ஜாதவ் காகா, உன் ஸ்கூல் யூனிஃபார்ம் எல்லாம் தைத்தவர், தார்பாயில் அதற்கு ஒரு உறை தைத்துக் கொடுத்தார். பட்டன் வேறு வைத்தார். "அரே தின்யா, உன் மாப்பிள்ளைக்குச் சட்டை ரெடி" என்று அவர் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான், கார்புரேட்டரைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் நீ கேட்டாய். "மா, அப்பா அன்னிக்கு தண்ணி கேட்டாரு. நான் குடுக்கல. தெரியுமா உனக்கு?" அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது நான் ரேஷன் கடையில் இருந்தேன். நீ வாசலில் கோலி ஆடிக்கொண்டிருந்தாய். உள்ளேயிருந்து தண்ணீர் கேட்டாராம். இந்த ஆட்டம் முடியட்டும் என்று நீ இருந்தாயாம். போய்ப் பார்த்தபோது அவர் சாய்ந்துவிட்டாராம். இத்தனை வருஷம் இதை வைத்துக்கொண்டு ஸ்கூலுக்குப் போயிருக்கிறாய், பரீட்சை எழுதியிருக்கிறாய், என் பக்கத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறாய், ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் அன்றைக்குச் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு டம்ளர் தண்ணீர் அவரைக் காப்பாற்றியிருக்காது, இதில் உன் மேல் ஒரு துளிகூட இல்லை என்றேன். டாக்டர் என்னிடம் சொன்னதும் அதுதான், எனவே அது உண்மை. நீ நம்பினாயோ இல்லையோ, அன்று இரண்டு தட்டு சாப்பிட்டாய்.

இப்போதும் அதே மாதிரி, உன்மேல் ஒன்றும் இல்லை என்று நான் எழுதப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டு படிக்காதே. நான் பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறேன்.

அந்த நாளை உனக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் நீ படகில் இருந்தாய், நான் கரையில் இருந்தேன். கரையிலிருந்து தெரிந்ததை நீ பார்த்திருக்க மாட்டாய். விடியும்போதே அணையைத் திறந்துவிட்டார்கள். கீழ்ச் சந்துகளில் ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டது. தீயணைப்புப் படகுகள் வேறு பேட்டைகளில் ஆட்களை எடுத்துக்கொண்டிருந்தன. நீயும் மண்டல் பையன்களும் படகை இறக்கினீர்கள். நம் வீட்டுத் திருப்பத்தில் மேடு ஆரம்பிக்கிற இடத்தில் நான் நின்று இறங்குகிறவர்களைக் கைப்பிடித்து ஏற்றினேன். எத்தனை முறை போய் வந்தாய் என்று நான் எண்ணவில்லை. பிள்ளைத்தாய்ச்சிப் பெண் ஒருத்தி வந்தாள். கூண்டோடு கிளியைத் தூக்கிக்கொண்டு ஒரு கிழவர் வந்தார். மத்தியானம் நீ கரைக்கு வந்ததும், "மா, மேல் சிலிண்டர் மிஸ்ஸிங் அடிக்குது. கேட்டியா?" என்றாய். நான் கேட்டேன். இரண்டு சிலிண்டரும் சேர்ந்து ஓடும்போது வருகிற சீரான சத்தம் இல்லை, நொண்டி நொண்டி ஓடியது. நான்தான் பிளக்கைக் கழற்றினேன். பெட்ரோலில் நனைந்திருந்தது. துடைத்து, ஊதி, எஞ்சின் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டு உன்னைக் கயிறு இழுக்கச் சொன்னேன். நீலமாக, சுரீரென்று நல்ல பொறி. மாட்டினோம். ஸ்டார்ட் செய்ததும் இரண்டும் பிசிறில்லாமல் ஓடியது. "இப்ப சரியாய்ட்ச்சு மா" என்றாய். நானும் தலையாட்டினேன். தனியாக நீ மட்டும் முடிவு செய்ததாக மனதில் வைத்திருக்கிறாய். அந்த பிளக்கை இரண்டு பேர் பார்த்தோம், தினேஷ்.

அதற்கப்புறம் ஜாதவ் காகாவையும் அவர் மனைவி காகுவையும் ஏற்றிவர நீ அவர்கள் வீட்டுக்குப் போனாய். திரும்பி வரும்போது தூரத்திலிருந்து பார்த்தேன். முன்னால் காகு, மண்டலின் காற்றடைத்த டியூபை இடுப்பில் மாட்டிக்கொண்டு. பின்னால் உன் பக்கத்தில் காகா. நடுவில், ஸ்டாண்டோடு, இரும்புத் தையல் மெஷின். படகின் விளிம்பு தண்ணீருக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்று எனக்குக் கரையிலிருந்தே தெரிந்தது. ஆற்றுப் பக்கமிருந்து தண்ணீர் சந்துக்குள் புகுந்து நாலாச் சாக்கடையை நோக்கி இழுக்கிற அந்தத் திறப்பைக் கடக்கும்போது மோட்டார் சத்தம் மாறியது. மறுபடி நொண்டியது. ஒற்றைச் சிலிண்டருக்கு அந்த இழுப்பை எதிர்க்கத் தெம்பு ஏது? படகு குறுக்கே திரும்பி, நாலாவின் இரும்புக் கிராதியில் போய் முட்டியது. மெஷின் ஒரு பக்கம் சரிந்தது. அவ்வளவுதான் நான் பார்த்தது. பிறகு நீ ஒரு கையால் கிராதியையும் மறு கையால் காகுவின் புடவையையும் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாய். பையன்கள் கயிறு கட்டிக்கொண்டு இறங்கி உங்கள் இருவரையும் எடுத்தார்கள். காகா மறுநாள்தான் கிடைத்தார்.

நீ போனபின் மோட்டாரை எடைக்குப் போட்டுவிடலாம் என்று மண்டலில் பேச்சு வந்தது. நான் போய், எனக்கு அது வேண்டும் என்றேன். பையன்கள் மறுவார்த்தை சொல்லாமல் மாடிக்குத் தூக்கிவந்து வைத்தார்கள். எனக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டியிருந்தது. நம் கை வேலையில் தப்பா, இல்லை மோட்டாரிலேயே தப்பா? வெள்ளத்தண்ணீர் உள்ளே போயிருந்ததால் முதலில் எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்து எண்ணெய் விட்டேன். பின்னால் இந்தச் சேற்றைக் காரணம் காட்டி நானே என்னை ஏமாற்றிக்கொள்ளக் கூடாது இல்லையா? கம்ப்ரெஷன் பார்த்தேன். மேலும் கீழும் ஒன்றுபோல் இருந்தது. நாம் போட்ட ரிங்கில் குறை இல்லை. ஃப்ளைவீலைப் புல்லர் போட்டு எடுத்து, அடியில் இருக்கிற பாயிண்ட் இரண்டையும் பார்த்தேன். துரு துடைத்து கேஜ் விட்டால், நீ வைத்த இடைவெளி அப்படியே இருக்கிறது. உன் கை அளவு எப்போதும் சரி. பெரிய பீப்பாயில் தண்ணீர் பிடித்து அதில் மோட்டாரை மாட்டி ஓட்டினேன். கயிறு இழுக்க எனக்குத் தோள் ஒத்துழைக்கவில்லை, பையன் ஒருத்தனைக் கூப்பிட்டுக்கொண்டேன். தங்கம் மாதிரி ஓடியது. மோட்டாரில் ஒன்றும் இல்லை என்றால் வேறு என்ன?

நிறுத்தாமல் ஓடவிட்டேன். ஒரு சட்டி சோறு வேகிற நேரம் ஆகியிருக்கும். மெல்ல நொண்ட ஆரம்பித்தது. மேல் பிளக்கின் ஒயரை ரப்பர் கையுறை போட்டு இழுத்தேன். சத்தத்தில் மாற்றமே இல்லை. கீழ் ஒயரை இழுத்தேன், எஞ்சின் அணைந்துவிட்டது. ஆக, மேல் சிலிண்டர்தான் செத்திருக்கிறது. பிளக்கைக் கழற்றினேன், அன்றைக்குப் போலவே நனைந்திருந்தது. பெட்ரோல் வருகிறது, பொறி வரவில்லை. இரண்டு பிளக்கையும் இடம் மாற்றினேன், கண்டென்சரை மாற்றினேன், அப்போதும் மேல் சிலிண்டர்தான் சாகிறது. கடைசியில், பொறிக்கு மின்சாரம் கொடுக்கிற காயில் இரண்டில், மேல் காயிலைக் கீழேயும் கீழ் காயிலை மேலேயும் மாற்றி மாட்டினேன். ஆறவிட்டு ஸ்டார்ட் செய்தால் இரண்டும் ஓடுகிறது. சூடேறியதும் இந்தத் தடவை கீழ் சிலிண்டர் செத்தது. காயிலோடு சேர்ந்து நோயும் இடம் மாறிவிட்டது. அந்தக் காயிலை வெயிலில் திருப்பிப் பார்த்தேன். மேல்பூச்சில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல். ஆறியிருந்தால் அது மூடிக்கொண்டு பொறி கொடுக்கும். சூடானால் விரிந்து, பொறி பிளக்குக்குப் போகாமல் அங்கேயே ஒழுகிவிடும். அன்று கரையில் நாம் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டுவதற்குள் அது ஆறிவிட்டிருக்கிறது. அதனால்தான் நமக்கு அவ்வளவு நல்ல பொறியைக் காட்டியது. அந்த இடத்தில், அத்தனை பேர் கூரையிலிருந்து கை ஆட்டிக்கொண்டிருக்கும்போது, எந்த மெக்கானிக்காக இருந்தாலும் நாம் பார்த்ததைத்தான் பார்த்திருப்பான். இதை உன்னைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. காயிலைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். நீயே மாட்டி ஓட்டிப் பார்.

மோட்டார் சத்தம் சந்தில் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. நான் அதை யோசிக்கவில்லை. கீழே கதவுகள் திறக்கிற சத்தம் வந்தது. கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் யாரோ மெதுவாக ஏறிவருவது தெரிந்து திரும்பினால், ஜாதவ் காகு. அவசரமாக மோட்டாரை அணைத்தேன். "நிறுத்தாதே, ஓடட்டும்" என்றார் காகு. தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார். நான் ஓட்டவில்லை. மறுபடி மாட்டிப் பார்த்திருந்த அந்தக் காயிலைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, உனக்கு மேலே எழுதியதையெல்லாம் அவரிடம் மராத்தியில் சொல்ல ஆரம்பித்தேன். விரிசலைக் காட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார், கண்ணாடி இல்லாததால் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"மெஷினை எடுத்துக்கோன்னு நான்தான் சொன்னேன்" என்றார். "தின்யா வேண்டாம்னான். ரெண்டு தடவை வேண்டாம்னான். அவர் அதை விட்டுட்டு ஏறமாட்டேன்னு வாசல்லயே நின்னார். நான்தான், ஏத்திக்கோ பாளா, கண்ணா, இல்லேன்னா இவர் நகரமாட்டார்னு கெஞ்சினேன்."

இதைத்தான் நான் உனக்கு மறைக்காமல் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். அந்த மெஷின் படகில் ஏறியிருக்கக் கூடாது, தினேஷ். காயில் செத்ததால் படகு திரும்பியது. மெஷின் இருந்ததால் கவிழ்ந்தது. படகை ஓட்டுகிறவன் நீ, முடியாது என்று சொல்லி அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்திருக்கலாம். நீ சொல்லவில்லை. யூனிஃபார்ம் தைத்துக் கொடுத்த மனுஷன் வாசலில் தண்ணீரில் நின்றுகொண்டு அடம் பிடித்தால் உன்னால் முடியாது என்று சொல்லமுடியாது. நானாக இருந்தாலும் ஏற்றியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் அது உன்னுடையதுதான். கொஞ்சம் காகுவுடையது, கொஞ்சம் போய்விட்ட காகாவுடையது, ஒரு பங்கு உன்னுடையது. அதை நான் இல்லை என்று அழித்தால், நீ நான் சொன்ன காயிலையும் நம்பமாட்டாய், அப்பா விஷயத்தில் நான் சொன்னதையும் நம்பமாட்டாய். உன்னுடைய பங்கை நீ வைத்துக்கொள். அதோடு வாழமுடியும். மற்றதையும் சேர்த்துத் தலையில் ஏற்றிக்கொண்டு அந்த ரூமில் தனியாக உட்கார்ந்திருக்காதே. நான் உன்னிடம் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

காகு உன்னை மன்னித்துவிட்டார் என்று எழுத எனக்கு ஆசைதான். அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. கோபம் என்றும் சொல்லவில்லை. நான், "காகு, அவன் வேணும்னு..." என்று ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். கீழே குக்கர் விசில் அடித்தது, யாரோ பிள்ளையைத் திட்டினார்கள். நான் டீ போடட்டுமா என்று எழுந்தேன். அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார்.

"எனக்கு மோட்டாரைப் பத்தி என்ன தெரியும்? நான் அதுக்கு வரலை. உன் பையன் எப்போ வருவான்?"

"வருவான்" என்றேன். எப்போது என்று எனக்கு எங்கே தெரியும்?

"நான் முன்னால உட்கார்ந்திருந்தேன். திரும்பித் திரும்பி அவரைப் பார்த்துக்கிட்டே வந்தேன். மோட்டார் சத்தம், தண்ணி சத்தம், ஒண்ணும் கேட்கல. முட்டுறதுக்குக் கொஞ்சம் முன்னால அவர் தின்யா காதுகிட்டக் குனிஞ்சு என்னவோ சொன்னார். நீளமாச் சொன்னார். அவன் தலையாட்டினான். அது என்னன்னு எனக்குத் தெரியணும்."

இத்தனை நாள் போலீஸ் வந்தார்கள், மண்டல்காரர்கள் வந்தார்கள், சொந்தக்காரர்கள் வந்தார்கள், எல்லோரும் படகு எப்படிக் கவிழ்ந்தது என்றுதான் பேசினார்கள். நானும் நாள்கணக்கில் மாடியில் உட்கார்ந்து அதற்குத்தான் விடை தேடினேன். அந்த அம்மாளுக்கு வேண்டியது அது இல்லை. கூட வாழ்ந்த மனுஷன் கடைசியாகப் பேசியது என்ன என்று ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும், அந்த ஆள் தளேகாவில், மோட்டார் என்றாலே போனை வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான். "அவனுக்கு போன் போட்டுக் கேட்கட்டுமா?" என்றேன். "வேண்டாம், என் முன்னால வந்து சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டார்.

அது என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியாது. நீ வீட்டை விட்டு ஓடினதே அதற்காகத்தானோ என்றுகூட இப்போது தோன்றுகிறது. மெஷினைப் பற்றிக் கவலைப்பட்டாரோ, வேகமாக ஓட்டு என்றாரோ, உன்னை வைதாரோ, காகுவைப் பார்த்துக்கொள் என்றாரோ, இல்லை, எப்போதும்போல உன்னைக் கேலி செய்தாரோ. எதுவாக இருந்தாலும் அதில் ஒரு வார்த்தையைக்கூட நல்லதாக மாற்றாதே. வைதிருந்தால் வைதார் என்றே சொல். அவர் பேச்சு எப்படி இருக்கும் என்று காகுவுக்குத் தெரியும், நீ ஜோடித்தால் கண்டுபிடித்துவிடுவார். எனக்கு எழுதாதே, போனில் என்னிடம் சொல்லாதே. அது என் காதுக்கு உரியது இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு லீவு. காலை லோக்கலைப் பிடி. நேராகக் கீழ்ச் சந்துக்குப் போ, காகு வீட்டில்தான் இருப்பார். நம் வீட்டுக்கு அப்புறம் வந்தால் போதும்.

அம்மா